கவனிக்கச் சொன்னேன்

தை 3, வியாழன்

இந்த நோட்டு என் காசில் வாங்கியது. அதை முதலில் எழுதிவிடுகிறேன். எது யார் காசில் வந்தது என்பதுதான் இந்த வீட்டில் எப்போதும் பேச்சு. புது வருசத்துக்கு ஒரு மிட்டாய்க் கடைக்காரர் தடித்த டைரி ஒன்று கொடுத்தனுப்பினார். வழவழவென்று தாள், பக்கத்துக்குப் பக்கம் ராகுகாலம் போட்டிருந்தது. நான் பேர் எழுதலாம் என்று பேனாவைத் திறப்பதற்குள் ஆவுடை பிடுங்கிக்கொண்டு போய்க் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஆவுடைச்செல்வி என் மூத்த மகனுடைய மகள். உணவுப் பாதுகாப்பு அலுவலர். ஹோட்டல், மளிகை, மிட்டாய்க்கடை என்று எல்லா இடத்துக்கும் போய், சுத்தமாக இருக்கிறதா, கலப்படம் உண்டா என்று பார்க்கிற வேலை. கல்யாணமாகாத பெண் புது ஊரில் தனியாக இருக்க வேண்டாம் என்று என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். நான் படித்தது அஞ்சாவது. ஆனால் மறதி என்பது எனக்குக் கிடையாது. யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று கேட்டால், என்ன சேலை கட்டிக்கொண்டு சொன்னார்கள் என்பது வரை சொல்லுவேன்.

பொங்கலுக்கு வாசலில் வந்து இறங்கிய கரும்புக் கட்டையும் திருப்பிவிட்டாள்.

"நான் போய்ப் பாக்க வேண்டிய கடைக்காரவ குடுக்கது எதுவும் நமக்கு வேண்டாம் ஆச்சி. ஒரு டீகூட வேண்டாம்."

"கரும்பு கடையிலயா வெளஞ்சுது? வயல்லதான வெளஞ்சுது?"

சிரித்தாள். பதில் இல்லாததால்தான் சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

தை 6, ஞாயிறு

ஆவுடை இளைத்துக்கொண்டே போகிறாள். காலையில் தயிர் சோறும் ஊறுகாயும் கொண்டுபோகிறாள். ஊர் ஊராகச் சுற்றுவதில் அது மத்தியானத்துக்குள் புளித்துவிடுகிறது. பாதி டப்பா அப்படியே திரும்பி வருகிறது. ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து காசு கொடுத்துச் சாப்பிட்டால் என்ன? "நான் சாப்பிட்டா காசு வாங்க மாட்டாங்க ஆச்சி. குடுத்தா சண்டைக்கு வருவாங்க. பாக்கவங்க ஓசின்னுதான் நினைப்பாங்க" என்கிறாள். ஊருக்கெல்லாம் சோறு நல்ல சோறா என்று பார்க்கிறவளுக்குச் சோறு இல்லை.

இன்று சந்தையில் சுடலைமணியைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மெஸ் வைத்திருக்கிறான். என் பிறந்த ஊர்க்காரியான வேலம்மாளின் மகன். அவளோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. ஏன் என்று பிறகு எழுதுகிறேன். ஆனால் அவன் "பெரியம்மா" என்று ஓடி வந்து என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். அம்மாவுடைய அதே மூக்கு. என்றாலும் அவள் செய்ததுக்கு இவன் என்ன செய்வான்?

ஆட்டோ வரைக்கும் கூடவே வந்தான். "நம்ம பாப்பா ரொம்பக் கண்டிப்பா இருக்காவ பெரியம்மா. போன மாசம் சமையக்கட்டைப் பாத்துட்டு நோட்டீசு குடுத்துட்டாவ" என்றான்.

"அவ பச்சப்புள்ள ஐயா. மத்தியானம் ஒழுங்கா ஒருவாய் சாப்பிடக்கூட மாட்டேங்கா. நீ இந்த ஊர்க்காரன். கொஞ்சம் கவனிச்சுக்கோ" என்றேன்.

அவன் நடையை நிறுத்தி என்னைப் பார்த்தான். பிறகு ஒரு மாதிரி தலையை ஆட்டினான். "ஒரு வார்த்த சொல்லிட்டீயள்ல பெரியம்மா. கவனிச்சிருதேன்."

மரியாதை தெரிந்த பிள்ளை.

தை 7, திங்கள்

மத்தியானம் மணி மெஸ்ஸிலிருந்து கேரியர் வந்தது.

தை 10, வியாழன்

நாலு அடுக்குக் கேரியர். சப்ளையர் ஒருத்தர் மொபெட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, பழைய கேரியரை எடுத்துக்கொண்டு போகிறார். இன்று சாம்பார், அவியல், வாழைப்பூப் பொரியல், பால் பாயசம். ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று முதல் நாளே சொன்னேன். "அங்க வேண்டாம், வீட்டுலயே குடுத்திருன்னு மொதலாளி சொல்லியிருக்காவ" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று புரியவில்லை.

ஆவுடையிடம் இன்னும் சொல்லவில்லை. வேலையாக இருக்கிறாள்.

நான் சாப்பிட்டேன். எழுதினால் என்ன. வேலம்மாள் வீட்டுச் சோறு எனக்கு வரவேண்டியது. அவள் தங்கை செம்பகத்தின் கல்யாணத்தில் நான் பந்தியில் உட்கார்ந்தேன். ஆவுடையின் அப்பன் மூணு வயசுப் பிள்ளை, என் மடியில் இருந்தான். இலை போட்டுத் தண்ணீர் தெளித்து உப்பு வைத்தாயிற்று. உப்புக்குப் பக்கத்தில் நார்த்தங்காய். அவியலை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். அப்போது வேலம்மாள் பச்சைப் பட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள். "வடிவு, எந்திரி. மாப்பிள்ளை வீட்டுக்காரவ வந்துட்டாவ, நீ அடுத்த பந்தியில உக்காரு" என்றாள். இலையில் உப்பு வைத்த பிறகு எழுப்பினாள். பிள்ளை அப்பளம் கேட்டு அழுதான். அடுத்த பந்தியில் நான் உட்காரவில்லை. வெயிலில் நடந்தே ஊருக்கு வந்தேன்.

அந்த அவியல்தான் இப்போது கேரியரில் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல்.

தை 16, புதன்

மத்தியானம் மிஞ்சிய அவியலை ராத்திரி தோசைக்கு வைத்தேன். "ஆச்சி, இன்னிக்கு அவியல் ரொம்ப நல்லா இருக்கு. என்ன போட்டீங்க?" என்று கேட்டு இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள். மனசு நிறைந்துபோய்விட்டது. தேங்காயெண்ணெய்தான் என்று சொன்னேன்.

தை 20, ஞாயிறு

இரண்டு நாளாக வயிறு சரியில்லை. கத்தரிக்காயாக இருக்கும். கீழ்வீட்டு பிரேமா துணி காயப்போடுகிற கொடியை மறுபடியும் தன் பக்கம் இழுத்துக் கட்டிவிட்டாள். இது மூன்றாவது தடவை. கேட்டால், காற்றில் நகர்ந்திருக்கும் என்கிறாள். முடிச்சுமா காற்றில் நகரும்?

தை 24, வியாழன்

ஆவுடை இருட்டிய பிறகுதான் வந்தாள். சேலையெல்லாம் எண்ணெய் நாற்றம். ஒரு வளைகாப்பு விசேஷத்துக்கு மணி மெஸ்ஸில் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். சாப்பிட்டவர்களுக்கு வாந்தியும் பேதியும். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணையே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இவள் போய்ப் பார்த்தால் தார் மாதிரி கறுத்த எண்ணெயில் வடை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எண்ணெயைக் கீழே கொட்டச் சொல்லி, சாம்பிள் எடுத்து அனுப்பிவிட்டு, பெரிய ஆபீசரிடம் பேசிச் சமையல்கட்டை மூட வைத்துவிட்டாள்.

"மணி மெஸ்ஸா?" என்று கேட்டேன்.

"ஆமா. உங்க ஊர்க்காரர்தான்னு சொன்னாரு. மூடுதப்போ என்னைய ஒரு பார்வை பாத்தாரு ஆச்சி, நான் என்னமோ துரோகம் பண்ணின மாதிரி. ஏன்னே தெரியல."

எனக்கும் தெரியவில்லை.

தை 25, வெள்ளி

கேரியர் வரவில்லை. நேற்றைய கேரியர் கழுவிக் கவிழ்த்தபடி அடுப்படியில் இருக்கிறது. அதை அரிசிச் சாக்குக்குப் பின்னால் வைத்தேன். இடம் அடைக்கிறது, அதனால்தான்.

தை 29, செவ்வாய்

ஆவுடை முகம் வெளுத்துப்போய் வந்தாள். அவள்மேல் புகாராம். அவள் வீட்டில் கேட்டு வாங்கினார்களாம். நல்லாச் சாப்பிட்டுவிட்டு, அதற்கு மேலே எதிர்பார்த்து, கிடைக்காததால் கடையை மூடினாளாம். கேட்கிறபோதே எனக்குக் கொதித்தது. பிரேமாதான் எதையாவது போய்ச் சொல்லியிருப்பாள் என்றேன். ஆவுடை அதைக் காதில் வாங்கவில்லை.

"ஆச்சி, மணி மெஸ்ஸிலருந்து நம்ம வீட்டுக்கு ஏதாவது வந்துச்சா?"

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தில் கேள்வி சரியாகக் காதில் விழவில்லை. "என்னத்த வரப்போவுது?" என்று சொல்லிவைத்தேன்.

"சரி" என்றாள். உடனே உட்கார்ந்து மேலிடத்துக்கு எழுதினாள். எழுதி முடித்து எனக்குப் படித்தும் காட்டினாள். "எனது இல்லத்திற்கு எப்பொருளும் வரவில்லை என்று உறுதியாகத் தெரிவித்துக்கொள்கிறேன்." நல்ல கையெழுத்து. சின்னதிலிருந்தே அவள் கையெழுத்து நன்றாக இருக்கும்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. கொசு.

மாசி 2, வெள்ளி

ஆவுடைமேல் வந்த புகாருக்கு விசாரணை வைத்திருக்கிறார்கள். அதில் நான் சாட்சியாம். எதற்குச் சாட்சி என்று தெரியவில்லை. நான் யாரையும் வெட்டவில்லை, குத்தவில்லை. விசாரணை முடிகிற வரைக்கும் இதைப் பற்றி ஆவுடை என்னிடம் பேசக் கூடாதாம். ஒரே வீடு, ஒரே உலை. "ரசம் ஊத்தட்டா?" "ம்." "ஆபீசுல என்ன சொன்னாவ?" பதில் இல்லை. இது எந்த ஊர் நியாயம்?

மாசி 5, திங்கள்

ஆவுடையின் ஆபீசில் உதவியாளராக இருக்கிற பொன்னையா சார் வந்தார். ஆவுடை வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்து வந்திருக்கிறார்.

"ஆச்சி, சுத்தி வளைக்காமச் சொல்லிருதேன். கேரியர் கொண்டுவந்த சப்ளையர் சாட்சி சொல்லப்போறாரு. பாப்பா ஒண்ணும் வரலைன்னு எழுதிக் குடுத்திருக்கு. நீங்க வந்துச்சுன்னா பாப்பா பொய் சொன்ன மாதிரி. வேலையே போனாலும் போயிரும். நீங்க வரலைன்னு அடிச்சுச் சொன்னாலும் மாட்டிக்கிடுவீங்க."

"பின்ன நான் என்னத்தச் சொல்ல?"

"ஒரே வார்த்த. வயசாயிட்டு, ஞாபகம் இல்லை."

"எனக்கா?"

"ஆமா."

"எனக்கா ஞாபகம் இல்லை? ஏன் சார், ஐப்பசியில நீங்க முதத்தடவ இந்த வீட்டுக்கு வரும்போது சட்டையில மேல் பித்தான் இல்லாம வந்தீங்க. நான் கொடுத்த காப்பியில பாதியை வச்சிட்டுப் போனீங்க. சீனி பத்தலைன்னு படியில எறங்கும்போது முனங்கினீங்க."

பொன்னையா சார் சட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "இதத்தான் ஆச்சி அங்க செஞ்சிராதீங்கன்னு சொல்லுதேன்" என்றார்.

மாசி 7, புதன்

வேலம்மாள் வந்தாள்.

கதவைத் திறந்தால் நிற்கிறாள். முடி பஞ்சாகிவிட்டது. மூக்கு அப்படியே இருக்கிறது. நான் உள்ளே வா என்று சொல்லவில்லை. அவளே வந்து, அவளே உட்கார்ந்தாள்.

"ஏட்டி வடிவு, எம்மவன் கடை மூடிக் கெடக்கு. உம்பேத்திகிட்ட ஒரு வார்த்த சொல்லேன்."

"எம்பேத்தி மேல எழுதிப் போட்டானே உம்மவன், அத நான் யாருகிட்டப் போய்ச் சொல்ல?"

"நீதான கவனிக்கச் சொன்ன? அவன் கவனிச்சான். கவனிச்ச பொறவும் கடைய மூடினா மனுசனுக்குக் கோவம் வராதா?"

"கவனின்னா ஒருவாய் சோறு போடு, வேளைக்குச் சாப்பிட்டாளான்னு பாருன்னு அர்த்தம். வேற என்ன அர்த்தம்?"

வேலம்மாள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "ஏ கோட்டிக்காரி! வீட்டுப் புள்ளையக் கவனின்னா சோறு. ஆபீசரக் கவனின்னா?" கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்துக் காட்டினாள். "அதுவும் வீட்டுக்குள்ள இருந்து பெரியவ வந்து சொன்னா, ஆபீசரே சொல்லி விட்ட மாதிரிதான? அவன் சும்மா சோத்துல ஆரம்பிச்சான். சித்திரைக்கு வேற என்னமோ செய்யணும்னு இருந்தான்."

அதே வார்த்தையை ஆஸ்பத்திரியில் நர்சிடம் சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் சொல்லியிருக்கிறேன். மாடு வாங்கிக்கொண்டு போனவனிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அவர்களெல்லாம் என்னவென்று எடுத்துக்கொண்டார்களோ?

அந்தக் குழப்பத்தை வேலம்மாளுக்குக் காட்டக் கூடாது என்று, மனசிலிருந்ததைக் கேட்டுவிட்டேன். "செம்பகம் கல்யாணத்துல என்னைய எழுப்பின மாதிரி எம்பேத்தியையும் எழுப்பப் பாக்கியளா?"

"எழுப்பினேனா? எங்கருந்து?"

"பந்தியிலருந்து. உப்பு வச்ச இலையிலருந்து."

"நானா?" வேலம்மாள் வாயைத் திறந்தபடி இருந்தாள். "நெசமா எனக்கு நெனவில்ல வடிவு. அன்னைக்கு எத்தன பேர எழுப்பினேனோ, எத்தன பேர உக்கார வச்சேனோ."

பொய் சொன்னால் வேலம்மாளுக்கு மூக்கு விடைக்கும். சின்ன வயசிலிருந்தே எனக்குத் தெரியும். மூக்கு விடைக்கவில்லை.

அவள் போன பிறகு கதவைச் சாத்தினேன். அவள் மறந்தே போய்விட்டாள் என்றால், இத்தனை வருசம் நான் யாரோடு சண்டை போட்டேன்?

மாசி 8, வியாழன்

காலையில் சாக்குக்குப் பின்னாலிருந்து கேரியரை எடுத்துக்கொண்டுபோய் ஆவுடைக்கு முன்னால் வைத்தேன். "ஏளா, நான் ஒண்ணு சொல்லணும்."

கேரியரில் மணி மெஸ் என்று பேர் வெட்டியிருக்கிறது. ஆவுடை அதைப் படித்தாள். கையில் எடுத்த டப்பா அப்படியே நின்றது. கண் கலங்கியது. ஆனால் என் வாய்க்கு நேராகக் கையைக் காட்டினாள்.

"சொல்லாதீங்க ஆச்சி. எங்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. அங்க சொல்லுங்க."

"உன் வேலை போயிருமேட்டி?"

"நான் சொல்லிக் குடுத்து நீங்க பேசின மாதிரி ஆகக் கூடாது. உங்களுக்கு என்ன தெரியுமோ அதைச் சொல்லுங்க."

டப்பாவில் தயிர் சோறு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்று டப்பா முழுசாகத் திரும்பி வந்தது.

உண்மை சொன்னால் இவளுக்கு ஆபத்து. ஞாபகம் இல்லை என்றால் இவள் தப்பிப்பாள், ஆனால் இவளுக்கே அது பிடிக்காது. ஒரு பிள்ளையைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்ல மாட்டாளா ஒருத்தி? ஆனால் பொய் சொல்லித்தானே இவ்வளவு தூரம் வந்தது. அரிசி களைகிற சத்தம் அன்றைக்கு அவ்வளவு ஒன்றும் பெரிதாக இல்லை.

மாசி 12, திங்கள்

ஒரு மேசை, கறுப்புச் சட்டக் கண்ணாடி போட்ட அதிகாரி, எழுதுவதற்கு ஒரு பெண். பெஞ்சின் ஒரு முனையில் ஆவுடை, மறுமுனையில் சுடலைமணி. பொன்னையா சார் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டை அசைத்துக் காட்டினார். ஞாபகம் இல்லை, ஞாபகம் இல்லை.

"உங்களுக்கு ஞாபகம் இருக்கறதை மட்டும் சொன்னாப் போதும்மா" என்றார் அதிகாரி.

அப்போதுகூட நான் முடிவு செய்யவில்லை. ஆவுடையைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூணு வயசில் அவள் அப்பன் அப்படித்தான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாம் ஞாபகம் இருக்கு" என்றேன்.

சந்தையில் ஆரம்பித்தேன். அவன் பை வாங்கியது, நடையை நிறுத்தியது, தலை ஆட்டியது, கேரியரில் எந்த நாள் எந்தப் பதார்த்தம். எழுதுகிற பெண் கையை உதறிக்கொண்டாள்.

"உங்க பேத்திக்குத் தெரியுமா?"

"தெரியாது. மிஞ்சின அவியல நான்தான் அவளுக்கு வச்சேன். நான் வச்சதுன்னு நெனச்சுச் சாப்பிட்டா. பொறவு கேட்டா. நான் வரலைன்னு சொல்லிட்டேன். அத நம்பித்தான் அவ எழுதிக் குடுத்தா."

ஆவுடை தலையைத் தூக்கினாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

"எதுக்காக வாங்குனீங்க?"

செம்பகம் கல்யாணத்தைச் சொன்னேன். உப்பு, நார்த்தங்காய், பச்சைப் பட்டு எல்லாம். எழுதுகிற பெண் நிறுத்திவிட்டு, "சார், இதையும் எழுதவா?" என்று கேட்டாள்.

"எழுதும்மா" என்றேன் நான். "அது எனக்கு வரவேண்டிய சோறு."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அவர் ஒண்ணை நினைச்சு அனுப்பியிருக்கார். நீங்க வேற ஒண்ணை நினைச்சு வாங்கியிருக்கீங்க. நடுவில இந்தப் பொண்ணு ஒண்ணும் தெரியாம நிக்குது. பாத்தீங்களாம்மா?"

"சோறும் ஒண்ணும் நல்ல சோறு இல்ல சார். ரெண்டு நாள் எனக்கு வயித்தால போச்சு" என்றேன். எழுதுகிற பெண் சிரித்துவிட்டாள். சுடலைமணிகூட வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

அவனைக் கேட்டார்கள். ஆவுடையம்மா நேரில் எதுவும் கேட்கவில்லை, பெரியம்மா சொன்னால் அவர்கள் சொன்ன மாதிரி என்று நினைத்தேன் என்றான். "எல்லா ஆபீசருக்கும் அப்படித்தான சார் சொல்லி விடுவாவ" என்றான். அதை எழுதவா என்று அந்தப் பெண் கேட்கவே இல்லை.

வெளியே வந்ததும் ஆவுடை கேட்டாள். "அவியல் நான் சாப்பிட்டேன்லா ஆச்சி?"

"சாப்பிட்ட. ரெண்டு தடவ."

"இருங்க" என்று உள்ளே திரும்பிப் போனாள். முதலில் எழுதிக் கொடுத்தது தப்பு, அந்தச் சாப்பாட்டை நானும் சாப்பிட்டிருக்கிறேன் என்று தானே இன்னொன்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். பொன்னையா சார் தலையில் அடித்துக்கொண்டார்.

மாசி 13, செவ்வாய்

ரசம் ஊற்றட்டுமா என்றேன். "ஊத்துங்க. பொறவு உக்காந்து சொல்லுங்க, அந்தக் கல்யாணத்துல அப்பா அழுதாங்களா?" என்றாள்.

மாசி 25, ஞாயிறு

உத்தரவு இன்னும் வரவில்லை. அது வரும்வரை ஆவுடை வேலை பார்க்கலாம். கண்டிப்பு வரலாம், மாற்றல் வரலாம் என்கிறார்கள். சாம்பிள் பரிசோதனையில் எண்ணெய் கெட்டது என்று வந்துவிட்டது. மெஸ் கேஸை இப்போது பக்கத்து ஊர் அலுவலர் பார்க்கிறார்.

வேலம்மாள் கொள்ளுப்பேரனுக்கு இன்று காதுகுத்து. அவளே வந்து அழைத்திருந்தாள். "நீ வரணும் வடிவு. வரலைன்னா நான் இலையே போட மாட்டேன்." போகலாமா என்று ஆவுடையிடம் கேட்டேன். "நான் வர முடியாது ஆச்சி. நீங்க போறது உங்க இஷ்டம்" என்றாள். போகாதே என்று சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டாவது போயிருப்பேன். இஷ்டம் என்றால் என்ன செய்வது?

தலையைக் காட்டிவிட்டு வரலாம் என்றுதான் போனேன். வேலம்மாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் முதல் பந்தியில், முதல் இலையில் உட்கார வைத்தாள். மொட்டை போட்ட பிள்ளையின் தகப்பனுக்கும் முன்னால் எனக்கு இலை போட்டார்கள். தண்ணீர் தெளித்தார்கள். உப்பு வைத்தார்கள். உப்புக்குப் பக்கத்தில் நார்த்தங்காய். அது தற்செயலாக வந்ததா, வேலம்மாள் நான் சொன்னதைக் கேட்டுச் சொல்லி வைத்ததா என்று தெரியவில்லை. அவியல் வாளி வரிசையில் வந்துகொண்டிருந்தது.

அப்போது சுடலைமணி பந்தியின் அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் போட்டான். "ஏ, பெரியம்மாவ நல்லாக் கவனிங்கப்பா!"

பந்தியில் எல்லோரும் சொல்லுகிற வார்த்தைதான். நல்ல மனசோடுகூடச் சொல்லியிருப்பான். எந்தக் கவனிப்பு என்று எனக்குத் தெரியவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன், தெரியவில்லை. பக்கத்து இலைக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் என்ன நினைத்தாள் என்றும் தெரியவில்லை.

அவியல் வாளி என் இலைக்கு நேராக வந்து, கரண்டி சாய்வதற்குள் எழுந்துவிட்டேன்.

வேலம்மாள் ஓடி வந்தாள். "ஏட்டி, என்ன? எதுக்கு எந்திரிச்ச? யாரு எழுப்பினா உன்ன?"

"யாரும் எழுப்பல வேலு. நானாத்தான் எந்திரிச்சேன்."

"எதுக்கு?"

"சொல்லத் தெரியல. கேஸ் முடியட்டும். பொறவு உன் கையால போடு, உக்காருதேன்."

வெயிலில் நடந்தே வந்தேன். அன்றைக்கு நடந்தது மாதிரி இல்லை. கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நான் செய்தது சரிதானா என்றும் தெரியவில்லை. உப்பு வைத்த இலையிலிருந்து எழுந்தது பெரிய மரியாதைக் குறைவு. அது மட்டும் தெரியும்.

வீட்டில் ஆவுடை தட்டில் தயிர் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு தட்டை எடுத்து எனக்கும் போட்டாள். சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில்தான் கேட்டாள்.

"பந்தி எப்படி ஆச்சி?"

"உப்பு வச்சாவ" என்றேன். "அது வரைக்கும் நல்லா இருந்துச்சு."